முன்னாள் ராணுவ வீரரின் புற்றுநோயும் ஒரு பரிந்துரைச் சீட்டும்

பட்டாளத்தில் இருந்து வந்தவருக்கு வைத்தியச் செலவே கிடையாது, சாகும்வரை எல்லாம் இலவசம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. சேரியில் அந்த நம்பிக்கை இன்னும் பலமாக இருக்கிறது. விடிவதற்கு முன்பே நம் பையன்கள் மைதானத்தில் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இது எவ்வளவு தூரம் உண்மை? சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்ற ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

இந்த நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போவதுதான். ஓரிரு முறை போகும், பிறகு தானாக நின்றுவிடும். உடம்புச் சூடு என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். நோய்க்கு முதன்மைக் காரணம் புகைபிடித்தல். அடுத்தது வேதிப்பொருட்கள். சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இந்தப் புற்றுநோய் வருவதை 1895-லேயே ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ரேன் எடுத்துச் சொன்னார். பின்னாளில் ரப்பர், பெயிண்ட் வேலைகளுடனும் இதற்குத் தொடர்பு இருப்பது உறுதியானது. இருபது வயதில் உடம்பில் ஏறிய நஞ்சு ஐம்பது, அறுபது வயதில் நோயாக வெளிவரலாம். இந்தக் கால இடைவெளியை நினைவில் வையுங்கள். கட்டுரையின் மையமே அதுதான்.

சிகிச்சையும் ஒரே நாளில் முடிவதில்லை. சிறுநீர்ப் பாதை வழியாகக் கேமரா குழாயைச் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி செய்ய வேண்டும். கட்டியைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பலருக்கு அதன்பின் வாரம் ஒருமுறை வீதம் ஆறு வாரம் சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. மருந்து செலுத்துவார்கள். காசநோய்க்கு எதிராகக் குழந்தைகளுக்குப் போடுகிறோமே, அதே பி.சி.ஜி.தான். கிண்டியில் 1948-லேயே அதற்கு ஆய்வுக்கூடம் அமைத்த ஊர் நம் சென்னை. இந்தப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது என்பதால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டோஸ்கோபி தொடர வேண்டும். தசைவரை பரவிவிட்டால் சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டி வரலாம். பிறகு வயிற்றில் பை மாட்டிக்கொண்டு வாழும் நிலையும் வரலாம்.

இப்போது திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு காலனியில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் வாங்குகிறவர் என்பதால் 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில், அதாவது இ.சி.எச்.எஸ்.-இல், அவருக்கு இடம் உண்டு. நாடு முழுவதும் நானூறுக்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் உள்ள பெரிய திட்டம் அது. ஆனால் பாலிகிளினிக் என்பது முதல் கட்டம்தான். புற்றுநோய் நிபுணர் வெளியே, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் இருக்கிறார். அவரிடம் போகப் பரிந்துரைச் சீட்டு வேண்டும். சீட்டு காலாவதியானால் மறுபடியும் வாங்க வேண்டும். நிலுவைத் தொகை வரவில்லை என்று தனியார் மருத்துவமனைகள் கைவிரிப்பது அடிக்கடி செய்தியாகிறது.

திருவாலங்காட்டில் இருந்து சென்னை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அரக்கோணம் பாதையில் ஓடும் புறநகர் ரயிலில் கழிப்பறை கிடையாது. சிறுநீர்ப்பைக்குள் மருந்து ஏற்றிக்கொண்டு, எரிச்சலோடு, அடக்க முடியாமல் திரும்பும் மனிதர் அந்த ரயிலில் என்ன செய்வார்? வழியில் இறங்கி இறங்கி ஏறுவார், அல்லது அடுத்த வாரம் போகமாட்டார். சிகிச்சையைப் பாதியில் விட்டவர் என்று கோப்பு அவரைப் பற்றி எழுதும்.

அமெரிக்காவில் 2018-ல் நிறைவேறிய மிஷன் சட்டத்தின் கீழ் வந்த விதி ஒன்றைப் பாருங்கள். படைவீரர் மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கச் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டியிருந்தாலோ, 28 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தாலோ, அரசு செலவில் வெளி நிபுணரிடம் போகும் தகுதி அவருக்கு வந்துவிடுகிறது. வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்ச் நஞ்சுக்கு ஆளான வீரர்களின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய், போர்ப்பணியால் வந்ததாகவே கருதப்படும் நோய்களின் பட்டியலில் 2021-ல் சேர்ந்தது. போர் முடிந்து சுமார் 46 ஆண்டுகள் கழித்து! அந்த நஞ்சு யார் தலையில் கொட்டப்பட்டதோ அந்த வியட்நாம் மக்களுக்கு இந்த நியாயம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். தூரமும் நாளும் எண்ணாக எழுதப்பட்டால், நோயாளி யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. நம் இ.சி.எச்.எஸ். நாடாளுமன்றச் சட்டம் அல்ல, அரசாணையில் ஓடும் திட்டம்.

ஹவில்தாருக்காவது வரிசையில் நிற்க ஒரு வரிசை இருக்கிறது. ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்த சிப்பாய்க்கு? சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாக 15 ஆண்டு பணி வேண்டும். ஓய்வூதியம் இல்லையென்றால் இ.சி.எச்.எஸ். இல்லை என்பதே பொது விதி. ஆனால் 2019 மார்ச்சில் மத்திய அமைச்சரவை இந்த விதியைத் தளர்த்தியது. இரண்டாம் உலகப் போர் வீரர்களோடு, ஓய்வூதியம் இல்லாத குறுகிய காலப் பணி அதிகாரிகளும் திட்டத்துக்குள் வந்தார்கள். நல்லதுதான், நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 2022 ஜூனில், அக்னிபத் வந்தது. நான்கு ஆண்டு பணி. அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேர் படையில் நீடிக்கலாம். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்குப் போக வேண்டும். ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை. குறுகிய காலம் பணி செய்த அதிகாரிக்குக் கதவு திறக்கும். குறுகிய காலம் பணி செய்த சிப்பாய்க்குத் திறக்காது என்றால் இதற்கு என்ன பெயர்?

அந்தப் பையன் 25 வயதுக்குள் திரும்புவான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செக்யூரிட்டியாகவோ ஒப்பந்தத் தொழிலாளியாகவோ சேருவான். மாதம் பத்தாயிரத்துக்கு மேல் சம்பளம் வந்தாலே முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கான 1.20 லட்சம் ஆண்டு வருமான வரம்பைத் தாண்டிவிடுவான். ஒப்பந்தம் முடிந்தால் இ.எஸ்.ஐ. பாதுகாப்பும் ஆட்டம் காணும். அறுபது வயதில் சிறுநீரில் ரத்தம் வரும்போது, அது படையில் வந்ததா ஆலையில் வந்ததா என்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இது எப்படிச் சாதிப் பிரச்சினை என்று சில தோழர்கள் கேட்கலாம். அண்ணல் அம்பேத்கர் பிறந்தது மாவ் ராணுவக் குடியிருப்பில். அவர் தந்தை சுபேதார் ராம்ஜி. படை தந்த கல்வியும் ஓய்வூதியமும் ஒரு தலித் குடும்பத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்த வீடே சாட்சி. நிலம் இல்லாத சாதிகளுக்கு ஓய்வூதியம்தான் நிலம். நிலம் உள்ளவர் அரை ஏக்கர் விற்று வைத்தியம் பார்ப்பார். நம்மிடம் விற்க என்ன இருக்கிறது? வயிற்றில் பையோடு வாழ்கிறவருக்கு வீட்டுக்குள் தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும். தெருக்குழாயை நம்பியிருக்கும் காலனியில் அவர் எப்படி வாழ்வார்?

நம் கோரிக்கைகள் மூன்று. புற்றுநோய் சந்தேகம் என்றால் இத்தனை நாளுக்குள் நிபுணர் என்று எழுதப்பட்ட விதி வேண்டும். சிகிச்சை முடியும்வரை ஒரே பரிந்துரைச் சீட்டு போதும் என்றாக வேண்டும். எத்தனை ஆண்டு பணி செய்திருந்தாலும், அக்னிவீரர் உட்பட, சீருடை அணிந்த எல்லோருக்கும் இ.சி.எச்.எஸ். வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவையும் உண்டு. உங்கள் காலனியில் உள்ள முன்னாள் படைவீரர்களைக் கணக்கெடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வூதியம் இல்லாத முன்னாள் படைவீரருக்குக் கடும் நோய்க்கான உதவித்தொகை உண்டு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். பரிந்துரை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். சிறுநீரில் ஒருமுறை ரத்தம் வந்தாலும், அது நின்றுபோயிருந்தாலும், மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். கூடவே ஒருவர் போங்கள்.

முதல் அக்னிவீரர்களின் நான்கு ஆண்டு முடிவது 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும். அவர்களுக்கு வேலை ஒதுக்கீடு பற்றி எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. நோய் வந்தால் என்ன என்பதை நாம் பேசத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.