அலறலுக்கு முன் ஒரு கடற்கரை

நோர்வே நாட்டு ஓவியர் எட்வேட் மூங்க் என்றதும் கலை பயில்வார் நெஞ்சில் எழுவது 1893இல் அவர் எழுதிய 'அலறல்' ஓவியமே. வெளிப்பாட்டுவாதத்துக்கு முன்னோடி என்னும் பெயரை அவருக்கு ஈட்டித் தந்தவற்றுள் அது தலையாயது. அதற்கு நான்காண்டு முன்னர், 1889ஆம் ஆண்டுக் கோடையில், ஓஸ்கோட்ஸ்ராண்ட் என்னும் கரையோரச் சிற்றூரில் அவர் எழுதிய 'கடற்கரையில் இங்கர்' என்னும் படத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். அதன் அச்சுப்படி ஒன்றைச் சென்ற வாரம் நெடுநேரம் நோக்கியிருந்தேன்.

வெள்ளாடை உடுத்த ஒரு பெண், உருண்டு திரண்ட பெருங்கற்களிடையே வைக்கோல் தொப்பியுடன் அமர்ந்திருக்கிறாள். அவள் ஓவியரின் தங்கை. வடபுலத்துக் கோடையிரவின் நீலந்தோய்ந்த மங்கலொளி எங்கும் பரந்திருக்கிறது. கடல் எங்கே முடிகிறது, வான் எங்கே தொடங்குகிறது என்று கண் தேடிக் களைக்கிறது. கற்களோ கனத்துக் கிடக்கின்றன.

நெய்தற்கு உரிப்பொருள் இரங்கல் என்று முப்பதாண்டு கற்பித்த எனக்கு, அவள் யாரையோ எதிர்பார்த்து வருந்துகிறாள் என்றே முதலில் தோன்றிற்று. படத்தில் அதற்குச் சான்றில்லை. நானே கொண்டுசென்று வைத்தது அது. 'அலறலை' அறிந்தபின் இதனைக் காண்போர், அதன் வித்து இதிலேயே உண்டென்று கூறுவதும் அத்தகையதே. ஒன்று மட்டும் மெய்: இக்கரையின் கற்களும் வளைவும் சில ஆண்டுகளின் பின் 'துயர்' என்னும் படத்தில் மீளவும் வருகின்றன. ஆயினும் 1889இல் அவை வெறுங் கற்களே.

அவ்வாண்டு, பின்னாளில் ஒஸ்லோ எனப் பெயர்பெற்ற கிறிஸ்ரியானியாவில், இலையுதிர்காலக் கண்காட்சியில் இப்படம் வைக்கப்பட்டபோது திறனாய்வாளர் பலர் எள்ளினர். மூங்க் அப்போது இருபத்தைந்து வயதினர். படத்தை விலைகொடுத்து வாங்கியவர் எரிக் வேரன்ஷியோல்ட் என்னும் மூத்த ஓவியர். தம் வழி வேறாயிருந்தும் இளையவர் கண்டதை அவர் கண்டுகொண்டார். இன்று அது பேர்கன் நகரத்து அரும்பொருளகத்தில் உள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவன் கடற்கரையைப் பாடி ஒரு செய்யுள் கொணர்ந்தான். மணல், வலை, கவிழ்த்துப் போட்ட வள்ளம், வேறொன்றுமில்லை. தளை தட்டிய இடங்களைச் சிவப்பு மையாற் குறித்து, 'பொருள் யாது?' என்று அடியில் எழுதிக் கொடுத்தேன். அதன்பின் அவன் என்னிடம் எதுவும் கொண்டுவரவில்லை. அத்தாள் இன்னும் அவனிடம் இருக்குமாயின், அதனை மறுபடியும் படிக்க விரும்புகிறேன்.