உடும்பிடம் ஒரு பாக்கி

'உடும்புப் பிடி' என்று வாய் ஓயாமல் சொல்கிறோம். கணக்குப் பார்த்தால் உடும்பு பிடித்ததைவிட, உடும்பைப் பிடித்ததுதான் அதிகம்!

எங்கள் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலைகளைத் தாண்டினால் கரிசல் காடு, சீமைக் கருவேலம், கரையான் புற்று. உடும்பார் விலாசம் அதுதான். அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "தம்பி, குட்டியிலேயே புடிச்சு வளத்தா, நாய் மாதிரி பழகுமாய்யா?"

"அதுக்கு முன்னாடி நீங்க ஜெயில் சாப்பாட்டுக்குப் பழகணும் அண்ணாச்சி!"

1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி இருக்கும் முதல் பட்டியலில்தான் உடும்பும் இருக்கிறது. பிடித்தால் 3 முதல் 7 வருஷம் உள்ளே. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

வெளிநாடுகளில் ஆப்பிரிக்க உடும்பு வளர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் பாடம்: மேலிருந்து கையை நீட்டாதே, அதற்கு நீ பருந்து. உடுத்திய சட்டையைக் கூண்டில் போடு; நாக்கை நீட்டி நீட்டி உன் வாசனையைத் தெரிந்துகொள்ளும். அதுவாக வரும்வரை தொடாதே. மாதக்கணக்காகும்.

பி.காம். படித்தவனுக்குத் தெரியும்: பழைய பாக்கி தீராமல் புதுக் கடன் பெயராது. கறி, எண்ணெய், தோல் என்று நமக்கு எத்தனை தலைமுறைப் பாக்கி! 'ஹத்தா ஜோடி' என்ற அதிர்ஷ்ட வேராக இன்டர்நெட்டில் விற்றது, காய்ந்த உடும்பு உறுப்பு என்று 2017-ல் அம்பலமானதே!

நம்பிக்கை வேண்டுமா? புற்றுக்குத் தள்ளி, அசையாமல் நில்லுங்கள். ஓடாமல் வெயில் காய்ந்தால், வரவு வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் வட்டி!