பத்திரம் பார்த்தாச்சு... அஸ்திவாரம் பார்த்தாச்சா?

கொடுங்கையூர் பக்கம் பழைய வீடு வாங்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவார்கள். வாஸ்து பார்க்கவும் ஒருவர் வருவார். சுவரில் ஓடும் விரிசலுக்கு மட்டும், "அது பூச்சு வெடிப்பு சார், பட்டி பார்த்தா போயிடும்" என்று புரோக்கர் சொல்வதுதான் தீர்ப்பு!

பூச்சில் மயிரிழை போல வரும் வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம்தான். ஆனால் செங்கல் இணைப்பு வழியே படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல், திடீரென்று மூடாமல் போன கதவு, ஒரு பக்கம் சரிந்த தரை... இவையெல்லாம் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம் என்பதற்கு அடையாளம். களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். தண்ணீர் தேங்கும் தாழ்வான இடத்தில் இதைச் சும்மா விடலாமா?

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறியதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசல் சொன்னதைக் கேட்டவர்கள் பிழைத்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

"சட்டம் இருக்கே" என்பார்கள். 2016ஆம் வருஷத்து ரெரா சட்டப்படி, வீடு கைக்கு வந்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அது பில்டருக்கு. பழைய வீட்டை விற்கும் தனி ஆளுக்கு 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம்தான். வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத குறை தனக்குத் தெரிந்திருந்தால் அவர் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த விரிசலுக்கு? உங்கள் பாடு! பேங்க் அனுப்பும் வேல்யூவரும் பேங்கின் கடனுக்காக வருபவர்தான்.

ஆகவே அட்வான்ஸுக்கு முன்பே ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைக் கூட்டிப் போக வேண்டும். விரிசல் நின்றுவிட்டதா, இன்னும் வளர்கிறதா என்று அவர் சொல்லட்டும். நின்றிருந்தால் ரிப்பேர் செலவை விலையில் கழிக்கலாம். வளர்கிறது என்றால் காரணம் தெரியும்வரை விலையே பேசக் கூடாது. அட்வான்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், என்ஜினியர் அறிக்கை சரியில்லாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று அக்ரிமெண்டில் ஒரு வரி எழுத வேண்டும்.

"அதுக்குள்ள வேற ஆள் வாங்கிட்டா?"

வாங்கட்டுமே! 20 வருஷம் இ.எம்.ஐ. கட்டப் போவதும் அவர்தானே.