ஓ.பி. சீட்டில் இன்னும் ஒரு வரி

இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றிருக்கும் போர்ட் பிளேரின் டாலிகஞ்ச் பகுதியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த பிராந்திய ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1983 முதல் இயங்கிவருகிறது. மலேரியாவையும் எலிக்காய்ச்சலையும் ஆராய்ந்து கீர்த்தி பெற்ற அந்த ஸ்தாபனத்தார், கார் நிக்கோபார் தீவில் வாழும் நிக்கோபாரிய மக்களிடையே ரத்த அழுத்தத்தைச் சோதித்து 2011-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தென்னையும் மீனும் கடற்காற்றுமாக வாழ்கிற தீவுவாசிகளை நகரத்து நோய்கள் அண்டா என்று நம்மில் பலர் கொண்டிருந்த கற்பனையை அந்த ஆய்வு ஒரேயடியாகத் தகர்த்துவிட்டது. சோதிக்கப்பட்ட வயதுவந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. அந்த நோயைப் பற்றிய ஞானமும் சொற்பம், வைத்தியரை நாடுவதும் மருந்தை விடாமல் தொடர்வதும் சொற்பம் என்பதும் தெரியவந்தது.

இதை நிக்கோபாரியரின் தனித் துர்ப்பாக்கியம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி மூன்று லட்சத்து எண்பதாயிரம் பேர் வாழும் இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அபர்டீன் பஜாரில் கடை வைத்திருப்பவர்களும், கட்டட வேலைக்கு வந்து குடும்பத்தோடு தங்கிவிட்டவர்களும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்களின் சந்ததியாரும் அவர்களுள் அடங்குவர். ஐம்பத்திரண்டு தேசங்களில் நடந்து 2004-இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ என்னும் பெரிய ஆராய்ச்சி, புகையிலை, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, தொந்தி முதலிய ஒன்பது காரணங்களே முதல் மாரடைப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பொறுப்பு என்று காட்டிற்று. தெற்காசியர்களாகிய நமக்கு அந்த முதல் அடி ஏனையோரைக் காட்டிலும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாகவே, சராசரியில் ஐம்பத்துமூன்றாவது வயதில், வந்துவிடுகிறது என்பதும் அதன் மூலம் தெரிந்தது. பெண்ணுக்குக் கலியாணமும் பையனுக்குப் படிப்பும் முடியாத வயது அது.

மாரடைப்பு வந்தபின் செய்யவேண்டிய சிகிச்சை முழுவதும் காலத்தோடு போட்டியிடும் காரியம். இ.சி.ஜி. எடுத்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதற்சில மணிநேரத்துக்குள் போட்டால்தான் அதன் பலன் பூரணமாகக் கிட்டும். பன்னிரண்டு மணிநேரம் கடந்துவிட்டாலோ பிரயோஜனம் பெரும்பாலும் போய்விடும். சென்னைவாசிக்கு இந்தக் கணக்கு ஆம்புலன்ஸையும் போக்குவரத்து நெரிசலையும் மட்டுமே பொறுத்தது. தீவுவாசிக்கோ அது கடலையும் மழையையும் ஹெலிகாப்டரில் இடம் கிடைப்பதையும் பொறுத்தது. சிறு தீவொன்றில் நடுநிசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஒருவர், பெரிய ஆஸ்பத்திரியைப் பார்ப்பதற்கே பொழுது விடியவேண்டும்; அதற்கும் மேலான சிகிச்சைக்கு ‘மெயின்லேண்ட்’ போவதென்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சென்னையோ கொல்கத்தாவோதான் கதி. வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்னும் மனோபாவம் நாட்டில் எங்குமே தவறுதான் என்றாலும், இந்தத் தீவுகளில் அது உயிரோடு சூதாடுவதற்குச் சமானம்.

ஆகவே, முப்பது வயது கடந்த ஒருவர், காய்ச்சலுக்காகவோ கால்வலிக்காகவோ சிராய்ப்புக்காகவோ, எக்காரணம் பற்றி ஓ.பி.க்கு வந்தாலும், வந்த காரியத்தோடு அவருடைய இருதய அபாயத்தையும் கவனித்துச் சீட்டில் ஒரு வரி எழுதுவது, விசேஷ முகாம்களின் காரியமாக இல்லாமல், சாதாரண வைத்தியத்தின் நித்திய கடமையாகவேண்டும் என்பது என் அபிப்பிராயம். முகாமுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே தம் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள். விடியுமுன் படகேறும் மீனவரும், டாலிகஞ்ச் ஜங்ஷனில் சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரரும், வெயிலில் சாந்து குழைக்கும் கொத்தனாரும், நாட்கூலியை இழந்து முகாம் வரிசையில் நிற்கமாட்டார்கள். ஆனால் அவர்களுக்கும் ஆண்டில் ஒருமுறையாவது காய்ச்சல் வரும், அல்லது காலில் ஆணி குத்தும். அந்த ஒரு சந்தர்ப்பமே வைத்தியருக்குக் கிடைக்கும் சந்தர்ப்பம்.

இந்தக் கணிப்புக்குப் பெரிய யந்திரங்கள் எவையும் வேண்டியதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் தனித்தனியே தயாரித்தளித்த அட்டவணையில் 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு, வயது, ஆணா பெண்ணா என்பது, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கொழுப்பின் அளவு ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்தால், அடுத்த பத்தாண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்பது பச்சை முதல் கருஞ்சிவப்பு வரை நிறமாகவே தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனைக்கு வசதியில்லாத இடங்களுக்கென்று, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்குப் பதிலாக உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கும் மற்றோர் அட்டவணையும் உண்டு. நாற்பதுக்கு உட்பட்டவர்களுக்குப் பிரஷரும் சுகரும் பார்த்து, புகையிலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாலே போதும். ஒரே அளவு பிரஷர் உடைய இருவரில், புகைபிடிக்காத நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணியின் அபாயம் வேறு, பீடியும் சர்க்கரையும் சேர்ந்த அறுபது வயதுக்காரரின் அபாயம் வேறு என்பதால், தனித்தனி எண்களைக் கண்டு மிரளுவதையும் அலட்சியப்படுத்துவதையும் ஒருங்கே தவிர்ப்பதற்கு இந்தக் கூட்டுக் கணக்கே உபாயம்.

ஆனால் கணக்கின் அஸ்திவாரம் அந்தப் பிரஷர் எண். அதைப் பார்க்கும் முறையில் நாம் காட்டும் அசிரத்தையைச் சொல்லி மாளாது. நோயாளி ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும்; முதுகு சாய்ந்திருக்கவேண்டும், பாதங்கள் தரையில் படவேண்டும், கை இருதய மட்டத்தில் தாங்கப்பட்டிருக்கவேண்டும்; பேசக்கூடாது; பட்டை புஜத்தின் பருமனுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும்; இரண்டு முறை பார்க்கவேண்டும். நடப்பது என்ன? மாடிப்படி ஏறி வந்தவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள், முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு, “பையனுக்கு லீவு எப்போ?” என்று விசாரித்துக்கொண்டே ஒருமுறை காற்றடித்துப் பார்த்து, 140/90 என்று எழுதிவிடுகிறார்கள். எந்தச் சீட்டைப் புரட்டினாலும் பூஜ்யத்தில் முடியும் எண்களே மலிந்திருப்பதைப் பார்த்தால், அழுத்தம் அளக்கப்படுகிறதா, அநுமானிக்கப்படுகிறதா என்ற சந்தேகம் எழுவது நியாயந்தானே? தவறாக அளந்து ஆயுள் முழுவதும் ஒருவரை மாத்திரை தின்னவைப்பதும், தவறாக அளந்து ஒருவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புவதும் ஒரே விதமான பாபங்கள்.

இப்படிப்பட்ட பரிசோதனைகளால் உயிர் பிழைப்பதில்லை என்று வாதிப்பவர்களும் உண்டு. அவர்கள் வாதத்தில் சாரம் இல்லாமலும் இல்லை. கோபன்ஹேகனை அடுத்த பகுதிகளில் ஆயிரக்கணக்கானவர்களை அழைத்து அபாயத்தைக் கணித்து, ஐந்து ஆண்டுக்காலம் வாழ்க்கை முறை பற்றி ஆலோசனை கூறிய ‘இன்டர் 99’ என்னும் டேனிஷ் ஆராய்ச்சி, பத்தாண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது இருதய நோயில் யாதொரு குறைவையும் காணவில்லை என்று 2014-இல் அறிவித்தது. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயதினருக்காக 2009-இல் தொடங்கப்பெற்ற பரிசோதனைத் திட்டத்திலும், அழைக்கப்பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரே வருகிறார்கள். ஆனால் இவற்றிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் பரிசோதனை வேண்டாம் என்பதன்று. வீட்டுக்குக் கடிதம் எழுதி ஆரோக்கியமானவர்களை வரவழைப்பதும், அவர்களுக்கு உபதேசம் செய்வதும் போதா. வந்தவரை அளந்து, அபாயம் மிகுந்தவருக்கு மருந்து கொடுத்து, அந்த மருந்து நின்றுபோகாமல் பார்ப்பதே காரியத்தை முடிக்கும் என்பதே பாடம். மேலும், வைத்தியத்தை எளிதில் நாடக்கூடிய டென்மார்க்குவாசியின் நிலையும், தனக்குப் பிரஷர் இருப்பதையே அறியாத தீவுவாசியின் நிலையும் ஒன்றல்ல.

நம் நாட்டிலும் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. முப்பது வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் சோதிக்கவேண்டும் என்பது மத்திய சர்க்காரின் கொள்கையாகவே இருந்துவருகிறது. ஆஷா ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று படிவம் பூர்த்தி செய்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வாசற்படிக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 2017-இல் ஆரம்பமான இந்திய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியோ, எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதோடு நிற்காமல், பதிவானவர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று கேட்பதை வழக்கமாக்கிற்று. இந்தக் கேள்வியே மற்றெல்லாப் புள்ளிவிவரங்களையும்விட யோக்கியமானது.

தீவுகளின் நிர்வாகத்துக்கு நான் சொல்லக்கூடியவை அதிகமில்லை. ஓ.பி. சீட்டிலேயே பிரஷர், சுகர், புகையிலை, அபாய நிறம் ஆகிய நான்குக்கும் இடம் அச்சிட்டு, அதைப் பூர்த்தி செய்யும் வேலையை டாக்டரின் தலையில் கட்டாமல் நர்ஸிடம் ஒப்படைக்கவேண்டும். எந்தத் தீவில் காட்டினாலும் செல்லும்படியான ஒரு சிறு புத்தகத்தை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடவேண்டும். ஊருக்குப் போகிறேன் என்று சொல்பவருக்கு மூன்று மாத மாத்திரையைத் தயங்காமல் தரவேண்டும். ஏனெனில் பொங்கலுக்கு ராமநாதபுரம் போய்த் திரும்புவதற்குள் பாதிப்பேரின் மருந்து நின்றுவிடும் என்று அஞ்சுவது அதீதமன்று. மழைக்காலத்தில் கப்பல் தாமதித்தாலும் பிரஷருக்கான அம்லோடிபினும் கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டினும் தீர்ந்துபோகாதபடி ஒவ்வொரு தீவிலும் இருப்பு வைக்கவேண்டும். இவற்றில் எதுவும் ஒரு ஹெலிகாப்டர் பயணத்தைவிடச் செலவு பிடிப்பதன்று.

ஆண்டு முடிவில் இத்தனை ஆயிரம் பேரைச் சோதித்தோம் என்று சுகாதார இலாகா அறிவிக்கும்போது, போன வருஷம் கண்டுபிடித்தவர்களில் இன்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் அழுத்தம் அடங்கியவர்கள் எத்தனை பேர் என்று பத்திரிகைகளும் பஞ்சாயத்துகளும் கேட்கவேண்டும். அந்த இரண்டு கேள்விகளுக்கு விடை இல்லாத வரையில், முதல் எண் எவ்வளவு பெரியதாயினும் அது வெறும் விளம்பரமே.