அடக்கிக்கொள்ளச் சொன்னது யார்?

நான்கு நாட்கள் என் மாமியார் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. வயது 68. சர்க்கரை வியாதி. கேட்டபோதெல்லாம் "தாகமே இல்ல கண்ணு" என்று பொய் சொன்னார். அந்தப் பொய்க்குக் காரணம் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மலம், மூத்திரம் என்ற சொற்கள் வரும். முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொண்டே படிக்கலாம். அந்தச் சுளிப்பில்தான் சிக்கலே தொடங்குகிறது.

போன ஜூலையில் இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு ஆர்.வி. வாடகைக்கு எடுத்தோம். நான், என் கணவர், 13 வயது மகள், ஈரோட்டிலிருந்து எங்களோடு சில மாதம் இருக்க அமெரிக்கா வந்திருந்த மாமியார், கணவரின் நண்பர், அவர் மனைவி என ஆறு பேர். சால்ட் லேக் சிட்டியில் கிளம்பி ஐடஹோ வழியாக யெல்லோஸ்டோன் போய்த் திரும்ப ஏழு நாள். ஆர்.வி. என்பது சக்கரம் வைத்த வீடு. படுக்கை, அடுப்பு, குளியல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். வயதான அம்மாவுக்கும் பெண்பிள்ளைக்கும் வசதியாக இருக்கும் என்று சொல்லித்தான் இத்தனை பணம் கொடுத்து எடுத்தோம்.

வண்டி கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. கணவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "யாரும் வண்டிக்குள்ள ரெண்டுக்குப் போகாதீங்க. ஒண்ணுக்கும் ரொம்ப அவசரம்னா மட்டும். வழியில கேஸ் ஸ்டேஷன் வரும், அங்க பாத்துக்கலாம்." நண்பர் சேர்த்துக்கொண்டார்: "அப்புறம் நாங்கதான அதைக் கழுவி ஊத்தணும்!" இருவரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

இந்த வண்டிகளில் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு. இன்னொன்று பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்கு. அதை கிரே டேங்க் என்பார்கள். மூன்றாவது கழிப்பறைக்கு மட்டும். அது பிளாக் டேங்க். காலால் ஒரு மிதியை அழுத்தினால் கோப்பையின் அடியில் உள்ள மூடி திறக்கும், போனதெல்லாம் நேராகக் கீழே இருக்கும் தொட்டியில் விழும். எங்கள் வண்டியின் பிளாக் டேங்க் 35 கேலன், அதாவது சுமார் 130 லிட்டர். நிரம்பியதும் அதற்கென்று உள்ள இடத்துக்குப் போய்க் குழாய் மாட்டிக் காலி செய்ய வேண்டும். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள்ளேயேகூட அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன.

கணக்குப் போடுவோம். ஒருவர் ஒருமுறை போனால் இரண்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர், நாளைக்கு ஐந்து முறை. 60 லிட்டர். இரண்டு நாளைக்கு ஒருமுறை காலி செய்தால் யாரும் எதையும் அடக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கை அந்த வண்டியில் யாரும் போடவில்லை. இரண்டு பொறியாளர்கள் இருந்தார்கள்.

விதி எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் எல்லோர் உடம்பும் ஒன்றல்லவே. ஆண்கள் இருவரும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்வந்தார்கள். கரடி நடமாடும் காட்டில் நானோ நண்பரின் மனைவியோ அப்படிப் போக முடியாது. முகாமின் பொதுக் கழிப்பறை எங்கள் வண்டியிலிருந்து ஐந்து நிமிட நடை. இரவில் நான்கு முறை எழுந்திருக்கும் மூட்டுவலிக்காரி அந்த இருட்டில் நான்கு முறை நடக்க வேண்டும். மாமியார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: மதியம் மூன்று மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். மகளுக்கு இரண்டாம் நாள் மாதவிலக்கு வந்தது. தொட்டிக்குள் நாப்கின் போடக்கூடாது. அது நியாயமான விதி, அடைத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கழிப்பறையில் ஒரு மூடிபோட்ட குப்பைக்கூடை வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். குழந்தை காகிதத்தில் சுற்றிச் சுற்றித் தன் துணிப்பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தாள். சாக்ஸ் தேடப்போய் நான் பார்த்தேன்.

இரண்டாம் நாள் மாலை ஆண்கள் இருவரும் தொட்டியைக் காலி செய்யப் போனார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டு, வால்வைத் திறந்து, சத்தம் நின்றதும் மூடிவிட்டு ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால், தொட்டி நிரம்பிவிட்டது என்று காட்டும் சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்தது. உடனே சட்டம் கடுமையானது. இனி யாரும் வண்டிக்குள் போகவே கூடாது.

நான்காம் நாள் இரவு மாமியாருக்குக் குளிரும் காய்ச்சலும். காலையில் மருத்துவமனைக்கு ஓடினோம். சிறுநீர்ப்பாதைத் தொற்று. பெண்களுக்கு மூத்திரக் குழாய் நீளம் குறைவு, கிருமி எளிதில் மேலே போய்விடும். சர்க்கரை இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். தண்ணீர் குடிக்காமல் அடக்கினால் கேட்கவே வேண்டாம். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். மாமியார் என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார். பதில் சொல்லவும் அவர் அனுமதி வேண்டியிருந்தது.

அன்று மத்தியானம் நான் அந்தத் தொட்டியின் முன் போய் நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்து இடத்தில் தனியாக ஒரு வண்டியில் வந்திருந்த எழுபது வயது அமெரிக்கப் பெண்மணி என்னைப் பார்த்துவிட்டு வந்தார். சிவப்பு விளக்கைச் சொன்னேன். "தண்ணீரை மிச்சம் பிடித்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். தண்ணீர் குறைந்தால் கெட்டியானது தொட்டிக்குள் மேடுகட்டி நிற்கும், திரவம் மட்டும் வடிந்துவிடும், ஈரக் காகிதம் அளவுகாட்டியில் ஒட்டிக்கொள்ளும், காலித் தொட்டியையும் நிரம்பியது என்று விளக்கு சொல்லும். அதாவது, நாங்கள் அடக்கியதும் தண்ணீரை மிச்சம் பிடித்ததும்தான் அந்தத் தொட்டியைக் கெடுத்தன. எரிந்தது பொய் விளக்கு. அந்தப் பொய் விளக்கை நம்பி ஒரு கிழவியின் கழிப்பறையைப் பூட்டியிருந்தோம்.

அவர் சொன்னபடி செய்தோம். பாதித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி, குலுங்கட்டும் என்று வண்டியைப் பத்து மைல் ஓட்டி வந்தோம். கையுறை போட்டுக்கொண்டேன். குழாயின் ஒரு முனையை வண்டியின் வாயில் வைத்துத் திருகிப் பூட்டினேன்; மறுமுனையைத் தரையில் இருந்த சாக்கடைத் துளையில் இறுக்கினேன். முதலில் பிளாக் டேங்க் வால்வு. குழாயின் கண்ணாடிபோன்ற வளைவில் ஓடுவது தெரியும். மகள் உள்ளே நின்று தண்ணீர் ஊற்ற, தெளிவாக வரும்வரை விட்டேன். பிறகு அதை மூடிவிட்டு கிரே டேங்க். அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். கடைசியாக, குடிநீர்க் குழாயைத் தொடாமல், கழுவுவதற்கென்று தனியாக இருந்த குழாயில் அலசி, துளையை மூடி, கையுறையைக் குப்பையில் போட்டு, கை கழுவினேன். ஒரு துளிகூட என்மேல் படவில்லை. விளக்கு அணைந்தது. குழாயை மாட்டியதிலிருந்து கை கழுவியதுவரை 20 நிமிடம்.

இந்த 20 நிமிடத்தைத் தவிர்க்கத்தான் நான்கு நாட்கள் எங்கள் உடம்புகளைத் தொட்டியாக்கினார்கள்.

"நீ ஏன் அதைத் தொட்டே?" என்றார் கணவர். "சொல்லியிருந்தா நாங்க பாத்திருப்போம்ல அண்ணி" என்றார் நண்பர். அந்த நான்கு நாளும் வண்டிக்குள் இருந்த கழிப்பறைக் கோப்பையைக் காலையும் மாலையும் தேய்த்தது நானும் நண்பரின் மனைவியும். அதை யாரும் வேலை என்று சொல்லவில்லை, படம் எடுக்கவில்லை. உள்ளே தேய்த்தால் கடமை. வெளியே குழாய் மாட்டினால் வீரம். அந்த வீரத்தின் பெயரால் மற்றவர் எப்போது மூத்திரம் போகலாம் என்று சட்டம் போடும் உரிமையும் கிடைத்துவிடுகிறது. அமெரிக்க சினிமாவிலும் இதே கதைதான். 1989இல் வந்த 'நேஷனல் லாம்பூன்ஸ் கிறிஸ்மஸ் வெகேஷன்' படத்திலும், 2006இல் ராபின் வில்லியம்ஸ் நடித்த 'ஆர்.வி.' படத்திலும் தொட்டி காலி செய்வது ஆண்களின் சிரிப்புக் காட்சி. வண்டிக்குள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைப் பற்றி நான் ஒரு காட்சியும் பார்த்ததில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். அன்று இரவு மாமியார் ஒன்று சொன்னார். மாத்திரை போட்டுப் படுத்திருந்தவர், இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்: "எங்க வீட்ல அப்ப எடுப்புக் கக்கூஸ்தான் கண்ணு. பொறகால சந்துல ஒரு பொம்பள வருவா. வாளியும் தகரமும் வெச்சிருப்பா. நாங்க தண்ணி மேல இருந்து ஊத்துவோம், அவ மேல பட்டுருமோன்னு இல்ல, அவ எங்க மேல பட்டுருவாளோன்னு. பத்து வருசம் வந்தா. அவ பேரு என்னன்னு நான் கேட்டதே இல்ல. இன்னிக்கு நீ கையுறை போட்டுட்டு நின்னப்ப அவ நெனப்பு வந்துருச்சு."

அந்தப் பெண் அருந்ததியராக இருந்திருப்பார். கொங்கு ஊர்களில் இந்த வேலையை யார் தலையில் கட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நாடு முழுக்க எடுப்புக் கக்கூஸ் அள்ளியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1993இல் அதைத் தடை செய்து சட்டம் வந்தது. 2013இல் இன்னொரு சட்டம், பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்குக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. இழப்பீட்டுத் தொகையை ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் என்ன பொருள்? ஆட்கள் இன்னும் இறங்குகிறார்கள், விஷவாயுவில் இன்னும் சாகிறார்கள் என்பதுதான்.

"சுற்றுலாப் போன கதையையும் சாக்கடைச் சாவையும் ஒன்றாக்குகிறாயா?" என்று கேட்பீர்கள். ஒன்றாக்கவில்லை. எனக்குக் கையுறை இருந்தது, குழாய் இருந்தது, முடிந்ததும் காபி இருந்தது. நான் அதைத் தொட்டதால் நாளைக்கு யாரும் எனக்குத் தனிக் குவளை வைக்கப்போவதில்லை. அந்தப் பெண்ணுக்கு எதுவும் இல்லை. ஆனால் என் கணவர் முகத்தில் நான் பார்த்த அருவருப்பு இந்த ஊரில் வாங்கியதல்ல, நம் வீட்டுச் சந்திலிருந்து விமானம் ஏறி வந்தது. தன் மலத்தைத் தான் பார்க்கமாட்டேன் என்பவருக்கு இரண்டே வழி: அதை அள்ள வேறொருவரைப் பிடிப்பது, ஆள் கிடைக்காத இடத்தில் வீட்டுப் பெண்களை அடக்கச் சொல்வது. ஊரில் முதல் வழி. அமெரிக்கக் காட்டில் இரண்டாவது.

சரி, அந்த வேலையைச் செய்கிறவருக்கு விதி சொல்ல உரிமை இல்லையா? உண்டு என்றால், நம் ஊரில் சாக்கடையில் இறங்குகிறவர் சொல்லட்டும்: "நாளையிலிருந்து யாரும் கக்கூஸ் போகாதீர்கள்." கேட்போமா? வேலை செய்கிறவர் என்பதால் அந்த ஆண்களுக்கு அதிகாரம் வரவில்லை. ஆண்கள் என்பதால் வந்தது.

ஆகவே தோழியரே, மாணவிகளே, உங்களிடம் சில கேட்கிறேன். வண்டியில் போனால் தொட்டியைத் திறக்கவும் மூடவும் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். ஆண்கள் உட்பட அத்தனை பேரும் முறைவைத்துச் செய்யட்டும். தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கழிப்பறையில் மூடிபோட்ட கூடை ஒன்று வையுங்கள், மகளிடம் அது எதற்கென்று சத்தமாகவே சொல்லுங்கள். உங்களை அடக்கச் சொல்லும் எந்த விதிக்கும் கணக்குக் கேளுங்கள். ஊரில் சொந்த வீடு இருந்தால் உங்கள் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று விசாரியுங்கள். உறிஞ்சும் லாரி வந்ததா, ஆள் இறங்கினாரா? "ஒரு ஆளை எறக்கிச் சுத்தமா எடுத்துடலாம்" என்று வீட்டில் யார் சொன்னாலும், அப்பாவாக இருந்தாலும், குறுக்கே போய் நில்லுங்கள்.

எங்கள் பயணத்தில் மிச்சம் இருந்த இரண்டு நாளும் கழிப்பறைக் கதவு திறந்தே இருந்தது. ஆறாம் நாள் தொட்டியைக் காலி செய்தது என் கணவர், நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல. மாமியார் ஒரு லிட்டர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தார். இரவு மூன்று மணிக்கு அவர் மிதியை அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு முறை, இன்னும் நீளமாக, தண்ணீர் ஊற்றும் சத்தம்.