இடனறிந்து நிற்றல்

மட்டை கொண்டு பந்தடிக்கும் ஆட்டம் எதுவாயினும், அடிப்பவர் எங்கு நிற்றல் வேண்டும் என்னும் வினா எழுதல் இயல்பே. கிரிக்கெட் ஆட்டத்தை அறிந்த நம் மாணவர்க்கு இது புதிதன்று. ஆட வந்தவர் ஸ்டம்புக்கு நேரே மட்டையைப் பிடித்து, நடுவரை வினவித் தரையிற் குறியிட்டுக்கொள்ளுதலை அவர்கள் பலகாலும் கண்டுளர். ஆயின் சாப்ட்பால் என்னும் மென்பந்தாட்டத்தில் இவ்வினாவுக்கு விடை கூறுவோர் பெரும்பாலும் ஒரே விடையைக் கூறி அமைகின்றனர். 'பின்கோட்டை ஒட்டி நில். அவ்விடம் விட்டுப் பெயராதே' என்பதே பயிற்சியாளர் பலர் தம் மாணவியர்க்கு முதல் நாளிற் கற்பிக்கும் பாடமாகும். அப்பாடம் ஒரு பாதியே உண்மை என்பதும், நிற்குமிடத்தைத் தேர்தல் அடிப்பவர்க்கு உரிமையும் கடமையுமாம் என்பதும் எமது கருத்து. அதனை ஈண்டு விளக்க முயல்வாம்.

முதற்கண் ஆட்டத்தின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். இது 1887ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சிக்காகோ நகரில் தோன்றியது. அந்நகரத்து ஃபாரகட் படகுக் கழகத்தில் ஒருநாட் கூடியிருந்தோர், குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைக் கட்டிப் பந்தாகவும், துடைப்பக் கழியை மட்டையாகவும் கொண்டு, பேஸ்பால் ஆட்டத்தை மண்டபத்துக்குள்ளேயே ஆடத் தலைப்பட்டனர். அதற்கு விதி வகுத்தவர் ஜார்ஜ் ஹான்காக் என்பார். 'சாப்ட்பால்' என்னும் பெயரை 1926ஆம் ஆண்டில் வழங்கியவர், டென்வர் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வைச் சார்ந்த வால்டர் ஹாகன்சன். 1996ஆம் ஆண்டில் அட்லாண்டாவில் இது மகளிர்க்குரிய ஆட்டமாக ஒலிம்பிக் பந்தயத்தில் இடம்பெற்றது. 1996, 2000, 2004 ஆகிய மூன்று முறையும் அமெரிக்க மகளிரும், 2008ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டில் நிகழ்ந்த டோக்கியோப் பந்தயத்திலும் ஜப்பானிய மகளிரும் பொற்பதக்கம் எய்தினர். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கிடையே நிகழும் போட்டிகளிலும் இவ்வாட்டம் இருபாலாராலும் ஆடப்பெறுகின்றது. ஆதலின் இதனை அயலார் ஆட்டமென்று நம் மாணவர் தள்ளிவிடுதற்கில்லை.

இனி, நிற்குமிடத்தின் அளவைக் காண்பாம். அடிப்பவர்முன் ஐங்கோண வடிவினதாய் 17 அங்குல அகலமுடைய வெண்டகடு ஒன்று நிலத்திற் பதிக்கப்பட்டிருக்கும். அதனை ஹோம் பிளேட் என்ப. அதன் இருமருங்கிலும், ஆறு அங்குலம் விலகி, ஒவ்வொரு கட்டம் சுண்ணத்தால் வரையப்பட்டிருக்கும். வலக்கையாளர்க்கு ஒன்றும் இடக்கையாளர்க்கு ஒன்றுமாக அமைந்த அக்கட்டத்தின் அகலம் 3 அடி. நீளம் 7 அடி. அந்நீளத்தில் 4 அடி தகட்டின் நடுவுக்கு முன்னும், 3 அடி அதற்குப் பின்னும் அமையும். பந்தை அடிக்குங்கால் ஒரு பாதம் முழுவதும் கோட்டுக்கு வெளியே நிலத்தில் ஊன்றியிருப்பின், அடித்தவர் ஆட்டம் இழப்பார். கிரிக்கெட்டில் கோட்டைத் தாண்டி முன்வந்து அடிப்பவர்க்கு ஸ்டம்பு சாயுமோ என்னும் அச்சமே உண்டு. சாப்ட்பாலிலோ கோடு கடத்தலே குற்றமாம்.

பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு தளத்துக்கும் மற்றொரு தளத்துக்கும் இடைவெளி 90 அடி. சாப்ட்பாலில் 60 அடியே. ஆயினும் அடிப்பவர் கட்டம் பேஸ்பாலில் 6 அடி நீளமாயிருக்கச் சாப்ட்பாலில் 7 அடி நீளமாயுள்ளது. சிறிய களத்தில் அடிப்பவர்க்கு நீண்ட கட்டம் கிடைத்துள்ளது என்க. கிடைத்த ஏழடியுள் கடையிரண்டடியை மட்டும் பற்றிக்கொண்டு ஏனையவற்றைத் துறத்தல் எற்றுக்கு?

எறிபவர்க்குள்ள உரிமைகளையும் எண்ணிப் பார்ப்பாம். எப்பந்தை எறிவது, எவ்வேகத்தில் எறிவது, எம்மூலைக்கு எறிவது என்பன எல்லாம் அவர் கையிலேயே உள்ளன. அடிப்பவரோ வருவதை ஏற்கவேண்டியவர். பந்து வருமுன் அவர் தாமே முடிவு செய்துகொள்ளக்கூடியவை மிகச் சில. அவற்றுள் தலையாயது நிற்குமிடம். திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்றலை நாம் அறிவோம். வலியும் காலமும் அறிந்த பின்னரே இடத்தைத் தேர்தல் வேண்டும் என்னும் அம்முறை, இச்சிறு கட்டத்துக்கும் பொருந்துதல் வியத்தற்குரியது. எறிபவரது வலியை அறியாமலும், பந்து வருங் காலத்தை எண்ணாமலும் இடத்தை முன்னரே முடிவு செய்வோர், முறையைத் தலைகீழாக்குவோரேயாவர்.

பின்னே நிற்றலை வற்புறுத்துவோர் கூறும் காரணம் வலிமையுடையதே. அதனை யாம் மறுக்கவில்லை. மகளிர் ஆட்டத்தில் எறிபவர் நிற்குமிடத்துக்கும் தகட்டுக்கும் உள்ள தொலைவு, முன்னாளில் 40 அடியாயிருந்து பின்னர் 43 அடியாயிற்று. எறிபவர் கையைக் கீழாகச் சுழற்றி, ஓரடி நீளப் பாய்ந்து விடுதலின், பந்து உண்மையிற் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 37 அடியே. மணிக்கு 65 மைல் வேகத்தில் வரும் பந்து அத்தொலைவை ஒரு வினாடியிற் பத்தில் நான்கு பங்குக்குள் கடந்துவிடும். மூன்றடி பின்வாங்கி நின்றால் கிடைக்கும் மிகுதிக் காலம் ஒரு வினாடியில் நூற்றில் மூன்று பங்கு. கேட்பார்க்கு இஃது அற்பமாகத் தோன்றலாம். ஆயின் உள்ள காலத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு மிகுதல் அற்பமன்று. அக்காலத்துள் பந்தைக் கண்டு, அடிப்பதோ விடுவதோ எனத் துணிந்து, மட்டையையும் வீசவேண்டும். ஆகவே மிகு வேகத்தோடு எறிபவர்முன் பின்னே நிற்றல் அறிவுடைமையே.

ஆயின் எல்லாப் பந்தும் வேகத்தால் மட்டும் வெல்வதில்லை. டிராப் என்னும் பந்து முன்னோக்கிச் சுழன்று வந்து, தகட்டருகே தாழ்ந்து விழும். இவ்விடத்திலே பலர் மறக்கும் உண்மை ஒன்றுளது. அடிப்பவர் இடம்பெயர்ந்தாலும் தகடு இடம்பெயராது. பந்து அடிக்கத்தக்கதா அன்றா என நடுவர் துணிவது, அது தகட்டின் மேலே எவ்வுயரத்திற் கடந்தது என்பதைக் கொண்டே. அடிப்பவரை எவ்வுயரத்தில் அடைந்தது என்பதைக் கொண்டன்று. முழங்கால் உயரத்தில் தகட்டின் முன்விளிம்பைக் கடந்த பந்து, நடுவர் கணக்கில் ஸ்டிரைக் ஆகும். பின்கோட்டில் நிற்பவரோ அதனைத் தகட்டின் கடைப்பகுதியிலோ அதற்கும் அப்பாலோ சந்திக்கின்றார். அதற்குள் அது தாழ்ந்துவிடும். கணக்கிட்டுப் பார்ப்பின், நிலத்தின் ஈர்ப்பினால் மட்டுமே அப்பந்து கடைசி மூன்றடியில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் இறங்கும். சுழற்சியும் சேருமாயின் அதனினும் மிகும். சாப்ட்பால் மட்டையின் மிகப் பருத்த இடத்துக்கு விதி தரும் குறுக்களவு இரண்டேகால் அங்குலமே. ஆகவே மூன்றடி பின்னே நின்றவர் நடுமட்டையால் அடிக்கவேண்டிய பந்தை மட்டையின் கீழ்விளிம்பால் தொடுவார், அன்றித் தொடாமலே விடுவார். பின்வாங்கிப் பெற்ற காலம் பந்தின் வீழ்ச்சியாற் பறிபோயிற்று என்க.

ஆகலின் டிராப் பந்தில் வல்லவர் எறியுங்கால், முன்கோட்டை நோக்கிச் சென்று நிற்றலே தக்கது. பந்து தாழுமுன் அதனைச் சந்தித்தல் கூடும். பக்கவாட்டில் வளைந்து விலகும் பந்துக்கும், மெதுவாக வந்து ஏமாற்றும் சேஞ்ச்-அப் பந்துக்கும் இதுவே ஏற்றது. இதனால் விளையும் மற்றொரு நன்மையும் உண்டு. ஆட்டக்களத்தின் இரு எல்லைக்கோடுகளும் தகட்டின் பின்முனையிலிருந்தே விரிந்து செல்கின்றன. பந்தை அம்முனைக்கு முன்னே எத்துணைத் தொலைவில் அடிக்கின்றோமோ, அத்துணைக்கு இருமருங்கும் எல்லைக்குட்பட்ட நிலம் விரிந்து கிடக்கும். பின்னே நின்று அடிப்பின் எல்லைக்கு வெளியே தெறிக்கும் பந்து, முன்னே நின்று அடிப்பின் களத்துள் விழுதல் கூடும்.

ரைஸ் எனப்படும் பந்தின் திறம் வேறு. பின்னோக்கிச் சுழல்வதனால் அதன் வீழ்ச்சி குறைய, அது கண்ணுக்கு மேலெழுவதுபோற் காணும். அதற்கு மருந்து பெரும்பாலும் அடித்தலன்று, அடியாது விடுதலே. விடத் துணிதற்குக் காலம் வேண்டுமாதலின், அதன்முன் பின்னே நிற்றல் நன்று. இங்ஙனம் ஒரே ஆட்டக்காரர் ஒருத்தியின்முன் பின்னும், மற்றொருத்தியின்முன் முன்னும் நிற்கவேண்டியவராகின்றார்.

இதுகாறும் முன்பின் நிற்றலைக் கூறினாம். இனித் தகட்டுக்கு அணுகியும் விலகியும் நிற்றலைக் கூறுவாம். இதன்கண் எமது கருத்து வேறுபட்டது. முன்பின் நிலை மாறவேண்டியது. அணுகல் நிலையோ எளிதில் மாறலாகாது. காரணத்தைக் கேட்பீராக. கட்டத்தின் உட்கோட்டுக்கும் தகட்டுக்கும் இடையே 6 அங்குலம். தகட்டின் அகலம் 17 அங்குலம். கால்விரல்கள் உட்கோட்டைத் தொட நிற்பவர்க்குத் தகட்டின் அப்புற ஓரம் 23 அங்குலத் தொலைவில் உள்ளது. ஓரடி விலகி நிற்பவர்க்கு அது 35 அங்குலமாகும். விதி ஒப்பும் மிக நீண்ட மட்டையே 34 அங்குலம். விலகி நிற்பவர் அப்புற ஓரத்துப் பந்தை மட்டையின் நுனியாலன்றி அடித்தல் அரிது. எறிபவரும் அதனைக் கண்டறிந்து, அவ்வோரத்துக்கே பந்து பந்தாக எறிந்து வெல்வார்.

விலகி நிற்றலுக்குப் பெரும்பான்மையும் அச்சமே காரணம். பெயரில் மென்மை இருப்பினும் இன்றைப் பந்து மென்மையானதன்று. 12 அங்குலச் சுற்றளவுள்ள அது உடலிற் பட்டால் நோகும். அவ்வச்சத்தை யாம் எள்ளோம். தலைக்கவசம் அணிவித்தும், பந்து உடலை நோக்கி வருங்கால் தோளை உள்ளே திருப்பி முதுகைக் காட்டும் முறையைப் பழக்கியும் அதனைப் போக்குதல் பயிற்சியாளர் கடமை. அதனை விடுத்துப் 'பின்னே போ, விலகி நில்' என்று அச்சத்துக்கே இடங்கொடுத்தல் கற்பித்தலாகாது. அஞ்சி விலகிய சிறுமி, தனக்கு அடிக்கும் ஆற்றலே இல்லையென்று எண்ணி ஆட்டத்தையே விட்டுவிடுதலும் கூடும். அவளிடம் இல்லாதது ஆற்றலன்று, ஓரடி இடமே என்பதை அவளுக்கு யார் கூறுவார்?

கட்டத்தின் முழு நீளத்தையும் பயன்கொள்வோரும் இவ்வாட்டத்தில் உளர். 'ஸ்லாப்' அடிப்போர் எனப்படுவோர், முதற்றளத்துக்கு அணித்தாகிய இடக்கைக் கட்டத்தில் பின்னே தொடங்கி, எறிபவரை நோக்கி ஓடிக்கொண்டே பந்தைத் தட்டிவிட்டு, அவ்வோட்டத்தை நிறுத்தாமலே முதற்றளம் நோக்கி விரைவர். அறுபதடி ஓட்டத்தில் இரண்டோர் அடியை முன்னரே முடித்துக்கொள்ளும் உபாயம் இது. பாதம் கோட்டை முழுதும் கடவாமல் அவர் காக்கும் அளவு, கட்டத்தை அறிந்தார்க்கே கைவரும்.

இனி, எம் கருத்துக்கு எதிராகக் கூறப்படுவன இரண்டு. இடம் மாறின் வீச்சும் மாறிப் பழக்கம் கெடும் என்பது ஒன்று. மாறுவது பாதம் ஊன்றும் இடமேயன்றிப் பாதங்களுக்கிடையேயுள்ள அகலமன்று, முழங்காலின் வளைவன்று, கையின் பிடியன்று. பயிற்சிக் காலத்திலேயே முன், நடு, பின் என மூன்றிடத்தும் நின்று பழகுவார்க்கு வீச்சுக் கெடுதற்கு ஏதுவில்லை. அடிப்பவர் முன்னே வந்தால் பந்து பிடிப்பவர் அதனைக் கண்டு, வேறு பந்து எறியுமாறு சைகை செய்வார் என்பது மற்றொன்று. செய்யட்டும்! டிராப் பந்தில் வல்லவர் அதனைக் கைவிட்டு, தமக்கு அத்துணைக் கைவராத வேறொன்றை எறிய நேருமாயின், அடிப்பவர் மட்டையை வீசுமுன்னரே ஒரு வெற்றி பெற்றவராகின்றார் அன்றோ?

ஆயின் இவ்வுரிமை கோட்டுக்குட்பட்டது. பின்கோட்டைக் காலால் தேய்த்து அழித்து, அரையடி களவாகப் பெற முயல்வாரும் உளர். அஃது இடனறிதலன்று; வஞ்சனையே. ஏழடி போதாதவர்க்கு ஏழரையடியும் போதாது.

முடிவாகக் கூறுவது இதுவே. அடிக்க வருபவர் முதலில் மட்டையை நீட்டித் தகட்டின் அப்புற ஓரம் எட்டுகின்றதா எனக் காண்க, எட்டும்வரை அணுகுக, அதன்பின் அவ்வணுமையை அச்சத்தின்பொருட்டு மாற்றற்க. பின்னர், தமக்கு முன்னே ஆடுவார்க்கு எறியப்படும் பந்துகளை நோக்கி, வேகத்தால் வெல்பவர்முன் பின்னும், வீழ்ச்சியாலும் மெதுவாலும் வெல்பவர்முன் முன்னும், இன்னாரென்று அறியாதவர்முன் நடுவிலும் நிற்க. எறிபவர் தம் முறையை மாற்றின் தாமும் மாறுக. பயிற்சியாளரும் 'இங்கே நில்' என்று கட்டளையிடுதலை விடுத்து, 'ஏன் இங்கே நின்றாய்?' என்று வினவப் பழகுவாராக. அவ்வினாவுக்கு விடை கூறக்கூடிய மாணவி, மூன்று முறை வீசித் தோற்றாளாயினும் நான்காம் முறைக்கு வேண்டியதைக் கற்றவளாவாள்.