பாட்டரி மேல் பழி போடலாமா?

பொழுது இன்னும் விடியவில்லை. பால் கேனை வண்டியில் கட்டியாகிவிட்டது. ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால், "டிக், டிக்" என்று சத்தம் மட்டும் வருகிறது. வண்டி கிளம்பவில்லை.

"பாட்டரி போச்சு!" என்கிறார் கணவர்.

"போன மாசம்தானே புதுசு போட்டீங்க?" என்று கேட்கிறார் மனைவி.

பென்னாகரத்திலும், பாலக்கோட்டிலும், அரூரிலும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பேச்சு இது. இதில் மனைவி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. புதுப் பாட்டரி ஒரே மாதத்தில் கெட்டுப் போவது அபூர்வம். அது அடிக்கடி இறங்குகிறது என்றால், குற்றம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. குற்றத்தைக் கண்டுபிடிக்காமல் இன்னொரு பாட்டரி வாங்கினால், அதுவும் இறங்கும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் வீண்!

ஏரியும் பாட்டரியும்

தர்மபுரி வறட்சியைக் கண்ட மாவட்டம். ஏரி ஏன் வற்றுகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. வரத்துக் கால்வாய் அடைபட்டால் தண்ணீர் வராது. மதகு ஒழுகினால் வந்த தண்ணீர் போய்விடும். வண்டல் சேர்ந்து மேடிட்டால் தண்ணீர் நிற்க இடம் இருக்காது.

பாட்டரியும் ஓர் ஏரிதான். அது தானாக ஊறுவது இல்லை. எஞ்சின் ஓடும்போது அதன் உள்ளே இருக்கும் காயில் மின்சாரம் உண்டாக்குகிறது. ரெக்டிபயர் என்ற சிறிய பெட்டி, அந்த மின்சாரத்தைச் சீர் செய்து பாட்டரிக்கு அனுப்புகிறது. பாட்டரி அதைச் சேர்த்து வைக்கிறது. அவ்வளவுதான்.

ஆகவே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வரத்து இருக்கிறதா? ஒழுக்கு இருக்கிறதா? வண்டல் சேர்ந்துவிட்டதா?

வரத்து உண்டா?

மல்டிமீட்டர் என்ற சிறிய கருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் இரண்டு முனைகளையும் பாட்டரியின் இரண்டு முனைகளில் வைத்தால் போதும். எத்தனை வோல்ட் என்று அது காட்டும்.

நல்ல பாட்டரி முழுதாக நிறைந்திருந்தால், எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே காட்டும். 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி.

அடுத்து எஞ்சினை ஓட விட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகிப் பார்க்க வேண்டும். 13.5 முதல் 14.5 வரை ஏறினால் வரத்து சரியாக இருக்கிறது. ஏறவே இல்லை என்றால், காயிலோ ரெக்டிபயரோ இணைப்பு ஒயரோ கெட்டிருக்கிறது. 15-க்கு மேலே ஏறினால் அதுவும் ஆபத்து. பாட்டரி சூடாகிப் பாழாகும்.

மீட்டரை எடுப்பதற்கு முன்பே கண்ணால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டரி முனைகளில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கிறதா? நட்டு தளர்ந்திருக்கிறதா? அதைச் சுத்தம் செய்து முடுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். கழற்றும்போது மைனஸ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பாட்டரியில் இருந்து வரும் வாயு தீப்பிடிக்கும்.

ஒழுக்கு எங்கே?

சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் ஒழுகலாம். கூடுதலாகப் போட்ட விளக்கு, திருட்டைத் தடுக்கும் அலாரம், செல்போன் சார்ஜர், எலி கடித்த ஒயர் ஆகியவைதான் வழக்கமான திருடர்கள்.

பாட்டரி சிறியது. 5 ஆம்பியர் மணி அளவுள்ள பாட்டரியில், ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு ஒழுகினால் போதும். நூறு மணி நேரத்தில், அதாவது நாலே நாளில், முழுப் பாட்டரியும் காலியாகிவிடும்!

கருவி இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். இரவில் மைனஸ் ஒயரைக் கழற்றி வைக்க வேண்டும். காலையில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஒயர் மாட்டியிருந்த நாட்களில் மக்கர் செய்த வண்டி, கழற்றி வைத்த நாட்களில் மட்டும் கிளம்பினால், ஒழுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

வண்டல்

மூன்றாவது, வண்டல். காலியான பாட்டரியை நாள் கணக்கில் அப்படியே போட்டு வைத்தால், உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் வெள்ளையாக ஒரு படிவு இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது. அப்போதுதான் புதுப் பாட்டரி வாங்க வேண்டும்.

தர்மபுரிக்காரர்களுக்கு இது முக்கியம். வேலைக்காகப் பெங்களூருக்கும், ஓசூருக்கும், திருப்பூருக்கும் போகிறவர்கள் இங்கே ஏராளம். வண்டி வீட்டில் நிற்கும். பொங்கலுக்கு வந்து பார்த்தால் பாட்டரி செத்திருக்கும். ஊருக்குப் புறப்படும்போது மைனஸ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். அல்லது வீட்டில் உரிமம் உள்ளவர், வாரம் ஒரு முறை அரை மணி நேரம் வண்டியை ஓட்டலாம். வீட்டு வாசலில் இரண்டு நிமிடம் உறும விடுவதால் பயன் இல்லை. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூடத் திரும்பி வராது.

மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் பாட்டரியாக இருந்தால், டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. நிலத்தடித் தண்ணீரில் இருக்கும் உப்பு என்ன செய்யும் என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியும். புளோரைடு தொல்லைக்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. மனிதனின் எலும்பையே கெடுக்கும் தண்ணீர், பாட்டரியை விட்டு வைக்குமா?

உதைத்தாலும் ஓடாது

பழைய காலத்தில் இவ்வளவு கவலை இல்லை. ஓசூர் அப்போது தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. அங்கே 1980-ல் தயாராகி வந்த டி.வி.எஸ்.50 வண்டியைப் பெடலை மிதித்தே கிளப்பலாம். பழைய புல்லட்டில் ஒரு முள் இருக்கும். சார்ஜ் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அது காட்டிவிடும்.

இன்று அப்படி இல்லை. 2017 ஏப்ரலில் இருந்து வரும் புது வண்டிகளில், பகலிலும் முன்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதில் பெரிய பல்பு மாட்டினால், பாட்டரிக்குச் சேர வேண்டிய மின்சாரத்தை அது தின்றுவிடும். 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாடு கடுமையானது. அதன்பின் பெட்ரோலை உள்ளே செலுத்துவதே பல வண்டிகளில் மின்சார வேலையாகிவிட்டது. பலவற்றில் உதைக்கும் கிக்கரே இல்லை. பாட்டரி அடியோடு செத்தால், தள்ளினாலும் அவை ஓடா.

யானை நடமாடும் ஒகேனக்கல் காட்டுச் சாலையில், இருட்டும் நேரத்தில், குழந்தையோடு நின்றுபோனால் என்ன ஆகும்? தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்கு நடுவே நின்றுபோனால்? இது வெறும் ஆயிரம் ரூபாய் விவகாரம் அல்ல. உயிர் விவகாரம்.

பழையது எங்கே போகிறது?

இன்னொரு ஆபத்தும் உண்டு. தேவை இல்லாமல் மாற்றும் ஒவ்வொரு பாட்டரியும், ஊருக்குள் சேரும் ஓர் ஈயக் கட்டி. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டாக்கர். அதன் அருகே ஓர் ஊரில், பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள். மண்ணெல்லாம் நஞ்சாயிற்று. 2007-2008-ல் சில மாதங்களுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

அந்தக் கதி எந்த ஊருக்கும் வரக்கூடாது. பழைய பாட்டரி முறையாகத் திரும்பிப் போய்ச் சேர வேண்டும் என்று, இந்தியாவில் 2022-ல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. ஆகவே பழையதைப் புதுப் பாட்டரி வாங்கும் கடையிலேயே கொடுக்க வேண்டும். அதை வீட்டில் உடைப்பதும் உருக்குவதும் பிள்ளைகளுக்கு விஷம் வைப்பதற்குச் சமம்.

அளந்து காட்டுங்கள்!

மெக்கானிக்குகள் இதில் பெரிய உதவி செய்யலாம். "பாட்டரி மாத்துங்க" என்று சொல்வதற்கு முன்னால், மீட்டரை வைத்து அளந்து காட்டலாம். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அளந்து சொல்லும் மெக்கானிக்கைத் தேடித்தான் அடுத்த வாடிக்கையாளரும் வருவார்.

வண்டி வைத்திருப்பவர்களும் வாய் திறந்து கேட்க வேண்டும். "எத்தனை வோல்ட் இருக்கிறது? எஞ்சின் ஓடும்போது எத்தனை ஏறுகிறது?" இந்த இரண்டு கேள்விகள் போதும்.

ஏரி வற்றினால், ஏரியை விற்றுவிட்டுப் புது ஏரி வாங்க முடியாது. கால்வாயைப் பார்க்கிறார்கள், மதகைப் பார்க்கிறார்கள், தூர் வாருகிறார்கள். அந்தப் புத்தி பாட்டரிக்கும் வேண்டும்.

முதலில் அளக்க வேண்டும். பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும்!